குறிஞ்சி அரிய மலரா?

2006-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நீலக்குறிஞ்சிக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அது வெளிவந்தது மே மாதத்தில். மலைச்சரிவுகளில் குறிஞ்சி பூத்ததோ அதன்பின், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. செடிக்கு முன்பாகவே தாளில் பூத்துவிட்ட அந்தக் குறிஞ்சியைத் தமிழ்கூறு நல்லுலகம் கொண்டாடியது. சங்கத் தமிழின் மலர், அன்பின் ஐந்திணையில் முதற்றிணையின் மலர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே மலரும் அரிய மலர் என்றெல்லாம் எழுதினோம், பேசினோம். இன்றும் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். 2018-இல் மறுபடியும் பூத்தபோது அதே வாக்கியங்களைத் தூசி தட்டி எடுத்தோம். அடுத்த பூப்பு 2030-இல். அதற்கும் அவை தயாராகவே இருக்கும்.

அஞ்சல்தலையோடு எங்களுக்குப் பகையில்லை. ஒரு செடிக்கு ஓர் அரசு செய்யக்கூடிய மரியாதைகளில் அதுவும் ஒன்று, செலவு குறைந்ததும்கூட. எங்கள் வழக்கெல்லாம் ‘அரிய’ என்ற ஒற்றை அடைமொழியோடுதான். இலக்கிய அன்பர்கள் ஒரு பூவின்மீது இத்தனை எளிதாக ஒட்டிவிடுகிற அந்தச் சொல், நடந்த ஒரு பெரும் அழிவை மறைத்துவைக்கிறது என்பதே எங்கள் குற்றச்சாட்டு.

குறிஞ்சி எப்படிப்பட்ட செடி என்பதிலிருந்து தொடங்குவோம். ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்பது தாவரவியலார் அதற்கு இட்ட பெயர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1300 மீட்டருக்கும் 2400 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரங்களில், மேற்கு மலைத்தொடரின் தென்பகுதிப் புல்வெளிகளில் வளர்வது. நீலகிரி, ஆனைமலை, மூணாறு, பழனிமலை ஆகியவை அதன் முதன்மையான இருப்பிடங்கள். கிழக்கு மலைத்தொடரில் சேர்வராயன் மலையிலும் உண்டு. பெருமரமன்று, பலவிடங்களில் முழங்காலளவே நிற்கும் புதர். பன்னிரண்டு ஆண்டுகள் பூக்காமல் வளர்ந்து, ஒரே பருவத்தில் ஒரு மலையின் செடிகள் யாவும் சேர்ந்து பூத்து, விதை முற்றியதும் யாவும் சேர்ந்து மடிந்துபோகும். 1838-இலிருந்து பூத்த ஆண்டுகளுக்குக் கணக்கு இருக்கிறது. பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே வந்தால் 1994, 2006, 2018 என்று வந்து நிற்கும். பழனிமலைப் பளியர்கள் தம் வயதைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பது நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி.

ஏன் இந்தக் கூட்டுப்பூப்பு? அறிவியலார் சொல்லும் விளக்கங்களுள் ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்தமானது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் விதை தின்னும் உயிர்கள் அத்தனையையும் தின்று தீர்த்துவிடும். பன்னிரண்டு ஆண்டுகள் பட்டினி போட்டு, திடீரென்று ஒரே பருவத்தில் மலை கொள்ளாத அளவுக்கு விதையைக் கொட்டினால், தின்றவை போக மிஞ்சியது முளைக்கும். இந்த உத்தியின் உயிர்நாடி எண்ணிக்கை. ஒன்றிரண்டு செடிகளாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழ்வது குறிஞ்சியின் இயல்பன்று. கூட்டம் கூட்டமாக, சரிவு சரிவாக, மலை முழுக்க என்பதுதான் அதன் வாழ்முறை. நீலகிரிக்கு அப்பெயர் வந்ததே இதனால்தான் என்று சொல்வோர் உண்டு. அந்தப் பெயர்க்காரணம் சரியோ தவறோ, தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு மலையின் நிறமே மாறித் தெரியுமளவுக்கு அச்செடி பூத்தது என்பதில் ஐயமில்லை.

ஆக, காலத்தால் அரிதாக இருப்பது குறிஞ்சியின் குணம். இடத்தால் அரிதாகிப்போனது மனிதரின் கைங்கரியம். இவ்விரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். ‘பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அரிய மலர்’ என்று படிக்கும் ஒருவர், அரிதாயிருத்தல் அப்பூவின் பிறவிக்குணம் போலும் என்று எண்ணி மனநிறைவோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார். யாரும் எதையும் செய்யவில்லை, அது இயற்கையிலேயே அப்படித்தான்! இதைவிட வசதியான பொய் வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில் இலக்கிய நண்பர்கள் சிலர் குறுக்கிடுவார்கள். நேர்ப்பேச்சில் பலமுறை கேட்ட வாதம்தான். “திணை என்பது கவிதை மரபு. குறிஞ்சி என்பது புணர்தலுக்கும் அதன் நிமித்தத்துக்கும் வைத்த குறியீடு. அந்தக் குறியீடு தமிழ் உள்ளவரை நிலைக்கும். செடி இருந்தாலென்ன, போனாலென்ன? தாவரவியல் வேறு, கவிதையியல் வேறு.”

கேட்பதற்கு ஆழமானது போலத் தோன்றும் இந்த வாதம் சங்கப் பாடல்களைச் சரிவரப் படிக்காததன் விளைவு என்றே சொல்வோம். குறுந்தொகையின் மூன்றாம் பாடலை எடுத்துக்கொள்வோம். தேவகுலத்தார் பாடியது. தன் காதலின் அளவைச் சொல்ல வந்த தலைவி, தலைவனது நாட்டை அடையாளம் காட்டும்போது குறிஞ்சிப் பூவிலிருந்து தேன் சேர்க்கும் மலைச்சாரலைச் சொல்கிறாள். அங்கே இருப்பது ‘குறிஞ்சி’ என்ற வெறும் சொல்லன்று. செடியின் தண்டு எப்படியிருக்கும் என்பது உட்படப் புலவர் பார்த்திருக்கிறார். ஒரு மலை முழுவதும் ஒரே பூ பூத்துக்கிடக்கும்போது வண்டினம் என்ன செய்யும், அந்தத் தேன் எத்தனை மிகுதியாக இருக்கும் என்று தெரிந்தவருக்கு அந்தப் பாடலில் கேட்கும் செய்தி வேறு. குறிஞ்சியை அஞ்சல்தலையில் மட்டும் பார்த்தவருக்குக் கேட்பது வேறு. தலைவியின் காதல் பெரிது என்பதற்குத் துணைநிற்பது அந்தத் தேனின் பெருக்கம். செடி போய்விட்டால் உவமை உள்ளீடற்ற கூடாகிவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இன்று நாம் விடாமல் சொல்லும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைச் சங்கப் பாடல்கள் முன்னிறுத்துவதில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்குகிறார். குறிஞ்சியும் அவற்றுள் ஒன்றாக, மற்றவற்றோடு மற்றொன்றாக வந்துபோகிறது. அதற்குத் தனி அரியணை ஏதும் அவர் போட்டுவைக்கவில்லை. அருமையைக் கொண்டாடும் மனம் அந்தப் பாடல்களில் இல்லை, நிறைவைக் கொண்டாடும் மனமே இருக்கிறது. நாம் அந்த நிறைவை இழந்தபின் அருமையைக் கண்டுபிடித்து, அதையே பண்பாட்டுப் பெருமை என்று பெயர்சூட்டிக்கொண்டோம்.

இதே அறியாமையின் இன்னொரு கிளைதான் ‘காலந்தவறிப் பூத்த குறிஞ்சி’ என்று அவ்வப்போது வரும் செய்திகள். மேற்கு மலைத்தொடரில் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த செடிகள் ஐம்பதுக்கும் மேல். சில ஆண்டுதோறும் பூக்கும், சில ஏழாண்டுக்கொருமுறை, சில அதனினும் நீண்ட இடைவெளியில். வேறொரு குறிஞ்சி தன் கணக்குப்படி ஒழுங்காகப் பூத்திருக்கும். அதைக் காலந்தவறியதாக்கி, ஊழிக்காலம் நெருங்கிவிட்டது என்று எழுதிவிடுவோம். பி.எல். சாமி 1967-இலேயே சங்க இலக்கியத்தின் செடிகொடிகளை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு விளக்கி ஒரு முழு நூல் எழுதினார். அந்த நூலைத் தம் அலமாரியில் வைத்திருக்கும் சங்க இலக்கிய ஆர்வலர் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்கலாம்.

நவீன இலக்கியத்திலும் இந்தப் பிளவைக் காணலாம். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ வெளிவந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைக்குமளவுக்குத் தமிழ் வாசகரை ஆட்டிவைத்தது. அதில் குறிஞ்சி என்பது எட்டாத தூய்மைக்கான உருவகம். அதே அறுபதுகளில் ராஜம் கிருஷ்ணன் ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். நீலகிரியில் வாழ்ந்து, படகர் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்து எழுதியது. தேயிலையும் பணமும் மின்திட்டமும் வந்தபின் ஒரு மலைச்சமூகம் தலைமுறைகளினூடே எப்படி மாறுகிறது என்பதே அந்நாவலின் பொருள். குறிஞ்சி அங்கே காலத்தை அளக்கும் செடியாக, மண்ணில் வேர் கொண்டதாக இருக்கிறது. இவ்விரண்டு நாவல்களில் எது நம் பொதுநினைவில் தங்கியது? உருவகம்தான் வென்றது. மலையை எழுதிய நாவல் ஆய்வேடுகளுக்குப் போயிற்று. நா.பா.வின் மீது எங்களுக்கு மதிப்புக் குறைவில்லை. நாங்கள் சுட்டுவது வாசகர்களாகிய நமது விருப்பத்தை.

இனி மலையில் நடந்தது என்ன என்று பார்ப்போம். சோலையும் புல்வெளியும் அடுத்தடுத்துக் கலந்து கிடப்பது நம் உயர்மலைகளின் இயற்கை. மடிப்புகளில் சோலை, மேடுகளிலும் சரிவுகளிலும் புல். வெள்ளைக்கார வருவாய்த் துறைக்கு மரம் இருந்தால் காடு, பயிர் இருந்தால் வயல், இரண்டும் இல்லையென்றால் தரிசு. புல்வெளி தரிசாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டிலும் யூகலிப்டஸும் வந்து சேர்ந்தன. நீலகிரி மக்கள் சீகை என்றும் கற்பூர மரம் என்றும் சொல்பவை இவையே. விடுதலைக்குப் பின் நம் அரசுகள் அந்தத் தரிசுக் கணக்கைத் திருத்தவில்லை; மேலும் மும்முரமாக நட்டன. தோல் பதனிடும் டானினுக்கு வாட்டில், ரேயான் நூலுக்கான மரக்கூழுக்கு யூகலிப்டஸ், கூடவே பைன். மரம் நடுவது புண்ணியம் என்று பள்ளிப் பாடத்தில் படித்த தலைமுறைகளுக்கு, புல்வெளியின்மேல் மரம் நடுவது ஒரு கொலை என்று தோன்றவே இல்லை.

பழனிமலையை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையே அங்கிருந்த மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு! குறிஞ்சியின் கணக்கில் சொன்னால் மூன்றரைத் தலைமுறை. போன இடத்தை எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் மரத்தோட்டங்களும் வேளாண்மையும். குறிஞ்சியின் நிலம் அது. வாட்டிலின் அடர்நிழலில் குறிஞ்சி முளைக்காது. ஓரிடத்தில் ஒருமுறை விதைப்பு தவறினால், அடுத்த வாய்ப்பு பன்னிரண்டு ஆண்டு கழித்து வருவதற்கு அங்கே செடியே இராது. வைகைக்கும் அமராவதிக்கும் நீர் பழனிமலையிலிருந்தும், பவானிக்கு நீர் நீலகிரியிலிருந்தும் வருகிறது. மழையை வாங்கி வைத்து மெல்ல மெல்ல விடுவது இந்தச் சோலையும் புல்லும்தான். மதுரையில் இருந்துகொண்டு குறிஞ்சித்திணையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுபவர் மேடையில் குடிக்கும் தண்ணீருக்கும் அந்தப் புல்வெளிக்கும் உறவுண்டு.

அந்நிய மரங்களையெல்லாம் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்துவிடலாமே என்று உணர்ச்சிவசப்படும் நண்பர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. வெட்டிய இடத்தில் வாட்டில் விதைகள் முன்னைவிட அடர்த்தியாக முளைத்து வரும். சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலைமரக் கன்றுகள் தாமே தலைதூக்கியிருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அழிப்பது மடமை. எஞ்சியிருக்கும் புல்வெளியை முதலில் காப்பதும், புதிதாக நுழையும் கன்றுகளை அங்கே பிடுங்குவதுமே உடனடியாக ஆகவேண்டியவை. முழக்கத்துக்கு ஏற்ற வேலையன்று, ஆண்டுக்கணக்கில் குனிந்து செய்யும் வேலை.

சட்டம் என்ன செய்தது? 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் நீலக்குறிஞ்சி இடம்பெற்றது. செடியைப் பிடுங்கினாலோ அழித்தாலோ மூன்றாண்டு வரை சிறை, இருபத்தையாயிரம் ரூபாய் அபராதம் என்று நாளிதழ்கள் எழுதின. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இதை அழிவுக்கு ஆட்படக்கூடிய இனமாகச் சேர்த்தது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் 2018-இல் கைநிறையப் பூப்பறித்து நின்று படமெடுத்துக்கொண்ட சுற்றுலாப்பயணியை இச்சட்டம் எளிதில் பிடித்துவிடும். ஒரு சரிவு முழுவதையும் தோட்டமாக்கிய அரசாணைகளை எந்த அட்டவணையில் சேர்ப்பது?

குறிஞ்சியின் பெயரைத் தாங்கிய சரணாலயம் கேரளத்தில் இருக்கிறது. அஞ்சல்தலை வந்த அதே 2006-இல் இடுக்கி மாவட்டத்தில் வட்டவடை, கொட்டக்கம்பூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 3200 ஹெக்டேர் பரப்பைக் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அந்த மாநில அரசு அறிவித்தது. 2017-இல் அதன் எல்லையை மாற்றி வரையும் பேச்சு எழுந்து பெருஞ்சர்ச்சையானது. அந்த ஊர்களில் வாழும் உழவர்களில் பெரும்பாலோர் தமிழர் என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். தலைமுறைகளாகப் பூண்டும் கிழங்கும் பயிரிடுபவர்கள். அவர்களது சிறு நிலங்களின் உரிமையை நேர்மையாகத் தீர்த்துவைக்காமல், அவர்களைக் குறிஞ்சியின் பகைவர்களாகக் காட்டுவது பெரிய நிலக்காரர்களுக்கே பயன்படும். குறிஞ்சியைப் பாடும் கூட்டம் உழவனைச் சாடும் கூட்டமாக மாறினால் அதில் நாங்கள் இல்லை. தமிழ்நாட்டுப் பக்கம் 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு இருபுறமும் ஒரே மலை, ஒரே செடி, ஒரே சீகை.

நம் அஞ்சல்தலைப் பெருமைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1977-இல் இந்திய மலர்கள் என்ற வரிசையில் தாமரை, ரோடோடென்ட்ரான், கடம்பு, செங்காந்தள் ஆகிய நான்கும் அஞ்சல்தலைகளாயின. கடம்பு முருகனின் மரம். காந்தள் கபிலரின் பட்டியலுக்கே தலைமை தாங்குவது, தமிழ்நாட்டின் மாநில மலரும்கூட. அஞ்சல்தலையில் ஏறியதனால் இவற்றுக்கு என்ன நேர்ந்தது? காந்தள் மருந்து விதைக்காகத் திண்டுக்கல், கரூர் வட்டாரங்களில் பந்தலிட்டுப் பயிராகிறது. அதனால் அது அழியாது. கபிலர் பார்த்த மலைச்சாரலில் அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது வேறு கேள்வி. அஞ்சல்தலை சேர்ப்பவர்களிடம் இந்த நான்கும் பத்திரமாக இருக்கின்றன. குறிஞ்சியைக் காந்தளைப் போலப் பந்தலில் ஏற்றவும் வழியில்லை. பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க எந்த வியாபாரி முன்வருவான்?

கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முப்பதுகளில் அக்கோயிலை எழுப்பியவர் இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியார், மேற்கிலிருந்து வந்து தமிழ்ச் சமயத்தை ஏற்ற லீலாவதி அம்மையார். குறிஞ்சி நிலத்துத் தெய்வத்துக்குக் குறிஞ்சியின் பெயரையே சூட்டிய அவருக்கு இருந்த இடவுணர்வில் பாதியேனும் நமக்கு வேண்டாமா? அங்கே நின்று பழனியை நோக்கிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, இடையில் தெரியும் மலைகளில் எது புல், எது பைன், எது யூகலிப்டஸ் என்று ஒரு நிமிடம் பிரித்துப் பார்க்கலாம்.

சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும் இணையத்தில் எழுதும் நண்பர்களுக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். 2030-இல் குறிஞ்சிச் சிறப்பிதழ்கள் வரும். கவிதைகள் குவியும். இன்னோர் அஞ்சல்தலைகூட வரலாம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 2018-இல் விதைத்து மடிந்த செடிகளின் பிள்ளைகள் இப்போது மலையில் நிற்கின்றன. பூ இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ ஒரு பச்சைப்புதர். சாலை போடுபவருக்கும் விடுதி கட்டுபவருக்கும் அவை களை. பூக்காத குறிஞ்சியைப் பார்த்ததும் அடையாளம் சொல்லக்கூடிய எழுத்தாளர் நம்மிடையே எத்தனை பேர்? திண்டுக்கல், தேனி, நீலகிரி மாவட்டங்களில் இருக்கும் வாசகர்கள் தம் பக்கத்து மலையில் எந்தச் சரிவில் அவை நிற்கின்றன, எந்தச் சரிவில் சென்ற பூப்பின்போது இருந்து இப்போது இல்லை என்பதை ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் எழுதி அனுப்பினால், அவை எத்தனை பக்கம் ஆனாலும் இங்கே வெளியிடுவோம். உவமைகள் தேவையில்லை.